பதினொரு கையெழுத்து, ஒரே கை

கையெழுத்து மாதிரியோடு பொருந்தவில்லை என்று அலுவலருக்குத் தோன்றினால் அவர் தாமாக எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கையெழுத்திட்டவரை அழைத்துக் கேட்ட பிறகே மேல் நடவடிக்கை. நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த வங்கியின் நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. சுற்றறிக்கைகள் வந்து வந்து கையேட்டின் பாதிப் பக்கங்கள் மாறிவிட்டன. இந்த விதியை மட்டும் யாரும் தொடவில்லை. காசோலையை நீட்டியவர் எரிச்சலோடு நின்றுகொண்டிருப்பார். நான் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் பிடித்து, "இது நீங்கள் போட்டதுதானா?" என்று கேட்பேன். பாதி நேரம் அவர்தான் போட்டிருப்பார். விரலில் கட்டு, புதுக் கண்ணாடி, மனைவியோடு சண்டை என்று கையெழுத்து மாறுவதற்குக் காரணமா இல்லை? கேட்காமல் ஒன்றைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து, அபிராமபுரத்தில், என் சொந்தச் சாப்பாட்டு மேசையில், ஒரே ஒருமுறை கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அந்தத் துணிச்சல் எனக்கு எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்காரரால் வந்தது. புகழ்பெற்ற மட்டையாளர் ஒருவர் கையெழுத்திட்ட படம் என்று இணையத்தில் ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். காட்டுவதற்காகக் காபிக்குக் கூப்பிட்டார். காபியைக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் லென்ஸ் எடுத்துவரக் கீழே இறங்கிப் போனேன். பேனா மை தாளில் ஊறும். ஒரு கோடு இன்னொரு கோட்டைக் கடக்கும் இடத்தில் நிறம் அடர்த்தியாகும். அவர் படத்தில் அப்படி எங்கும் ஆகவில்லை. லென்ஸுக்குக் கீழே கையெழுத்து முழுவதும் பொடிப்பொடியான புள்ளிகளாகத் தெரிந்தது. "அச்சு" என்றேன். அவர் அன்றிலிருந்து எனக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். ஆனால் செய்தி பரவி, கட்டடத்தில் இருந்தவர்கள் பந்து, தொப்பி, பனியன் என்று கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்றவனுக்குக் கிடைக்கும் மரியாதை கொஞ்சம். அதில் ஒரு துளியைக்கூட நான் சிந்தவிடுவதில்லை. அந்தத் துறையில் கிடைத்ததையெல்லாம் படித்து, ஆறே மாதத்தில் என்னை நானே நிபுணனாக நியமித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் வீட்டில் சமைக்கும் பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவர். பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் குடும்பத்தோடு பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. தினமும் இரண்டு பேருந்து மாறி மந்தைவெளியில் இறங்கி நடந்து வருவார். தீபாவளி கழிந்த வாரம் ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு கிரிக்கெட் மட்டை.

"சார், இத்தக் கொஞ்சம் பாரு. எங்க நைனாவோடது. கிரவுண்டுல வேல செஞ்சப்ப வெளிநாட்டுக்காரனுங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. நெசம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன்."

"எதுக்கு?"

"அந்த கிளப்புக்கு ஏதோ ஆண்டு விழாவாம். பழைய கிரவுண்டு ஆளுங்களயெல்லாம் கூப்ட்டு, நடுவால நிக்க வெச்சு, சால்வ போடப் போறாங்களாம். நைனா பேரு லிஸ்ட்டுல இல்ல."

"ஏன் இல்ல?"

"அது மேஸ்திரி கீழ வேல செஞ்சிச்சு சார். ரிஜிஸ்டர்ல மேஸ்திரி பேரு மட்டும்தான் கீது. மேஸ்திரி செத்துப் பூட்டாரு. நைனாவோட கேட் பாஸு வெள்ளத்துல பூட்ச்சு. எதுனா ஆதாரம் இருந்தா கொண்டான்னு சொல்லிகிறாங்க. எங்க கைல கீற ஆதாரம் இது ஒண்ணுதான்."

அடையாறு பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளப்பின் மைதானம் அது. இங்கே ஆட வரும் வெளிநாட்டு அணிகள் முன்பெல்லாம் அங்கே பயிற்சி எடுப்பது வழக்கம். இவருடைய தந்தை அங்கே இருபத்திரண்டு வருடம் ரோலர் இழுத்து, புல் வெட்டி, ஆடுகளம் போட்டிருக்கிறார்.

மட்டையை மேசையில் கிடத்தி விளக்கைச் சாய்த்தேன். முகப்பில் எட்டுக் கையெழுத்து, பின்பக்கம் மூன்று. பின்பக்கத்தில் ஒன்றுக்கு மேலே தந்தையான பெரியவரின் பெயரும், "நல்ல ஆடுகளத்துக்கு நன்றி" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும். லென்ஸை வைத்த அரை நிமிடத்தில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தன் பெயரைப் போடுகிறவன் எழுத்தைப் பார்ப்பதில்லை. கை அதன் பாட்டுக்கு ஓடி முடித்துவிடும். கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் மெலிந்திருக்கும். இங்கே எல்லாக் கோடும் மொட்டையாகத் தொடங்கி மொட்டையாக நின்றது. வளைவுகளில் பேனா தயங்கி மை குளம் கட்டியிருந்தது. ஓர் எழுத்தை வலமிருந்து இடமாக இழுத்திருந்தார்கள். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் தூக்கத்தில்கூட அப்படி இழுக்க மாட்டான். பதினொரு பேருக்கும் ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே நடுக்கம்.

"இது அசல் இல்லம்மா. ஒரே ஆள் உக்காந்து பதினொண்ணையும் எழுதியிருக்கான்."

அவர் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மட்டையை எடுத்து உறைக்குள் போட்டார்.

"எழுதிக் குடுக்கலன்னா போ சார். எங்க நைனாவப் பொய்யின்னு சொல்லாத. அது பீடிகூட கடன் வாங்கிக் குடிக்காத மனுசன்."

"நான் அவரைச் சொல்லலையே. மட்டையைத்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் சாம்பாரைக் கிளறப் போனார். அன்றைய சாம்பாரில் உப்பே இல்லை. என் மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சதையெல்லாம் சொல்லியே ஆகணுமா உங்களுக்கு?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரே வந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒடிசலான உடம்பு, சலவைச் சட்டை, முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. தலையணை உறை மகளின் கையில் இருந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, முதலில் எங்கள் கூடத்துத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டைல்ஸு சரிஞ்சிகீது சார். தண்ணி ஊத்துனா பால்கனிக்குப் போவாது. கிச்சனுக்குத்தான் போவும்."

"பன்னண்டு வருஷமா நான் அதைத்தான் சொல்லிண்டிருக்கேன்" என்றாள் என் மனைவி. அவளுக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

பிறகு அவர் என்னிடம் திரும்பினார். "பாப்பா சொல்லிச்சு. நீங்க சொன்னது கரெக்ட்டு சார். அத்த எழுதுனது நான்தான்."

மகள் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் இது புதுச் செய்தி.

"அவங்க போட்டது கீழ கீது. மொத வருசம் பளிச்சுனு இருந்துச்சு. ரெண்டாவது வருசம் ஆயுத பூஜைக்குத் தொடச்சுப் பொட்டு வெக்கறேன், ஒரு பேரு மங்கிக்கினு போவுது. பாப்பாவோட ஸ்கெட்ச் பேனா கெடந்துச்சு, அதால மேலயே இழுத்தேன். அப்பறம் வருசா வருசம். கடப்பாரைக்கும் மம்முட்டிக்கும் பொட்டு வெச்சுட்டு, கடைசில இத்த எடுப்பேன். குளிச்சிட்டு, ஒண்ணும் துன்னாம, மெதுவா இழுப்பேன். கோடு வெளிய போவாது சார். ஒரு தபாகூடப் போனதில்ல."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் தன் பெயர் அளவுக்குத்தான். எழுத்துகளை அவர் கோலம் போல, எந்த முனை கைக்கு வசதியோ அந்த முனையிலிருந்து இழுத்திருக்கிறார். வலமிருந்து இடமாகப் போன கோட்டுக்கு விளக்கம் கிடைத்தது.

"தப்புங்களா சார்? கோயில் செவுத்துல எழுத்து மங்கிச்சுன்னா மேல பெயிண்ட் அடிக்கிறாங்களே."

கையேட்டில் போலிக் கையெழுத்து நான்கு வகை என்று போட்டிருக்கும். பயபக்தி என்று ஐந்தாவது வகை ஒன்றைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை அவசரமாக மறுத்தார். மரியாதையுள்ளவர்கள் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதைப் போல.

"சால்வையெல்லாம் வேணாம் சார். உள்ள போவணும். போன வருசம் அந்தப் பக்கமாப் போனப்ப கேட்டாண்ட நின்னேன், வாச்மேனு, 'இன்னா பெர்சு, யாரு வேணும்'ன்றான். யாரச் சொல்றது? புல்லு வேணும்னா சொல்ல முடியும்? ஒரு தபா பிச்சுல நின்னு, காலால தொட்டுப் பாத்துட்டு வந்துட்டா போதும்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இது மிகச் சுலபமான விண்ணப்பம் என்று தோன்றியது. இதைவிடச் சிக்கலான எத்தனையோ கோப்புகளை முடித்து வைத்தவன் நான். கவலைப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மயிலாப்பூரில் நோட்டரி ஒருவரிடம் பெரியவரின் பெயரில் பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கினேன். என் சார்பில் ஒரு விளக்கக் கடிதம், இணைப்புப் பட்டியல், மட்டையின் பன்னிரண்டு புகைப்படங்கள். எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குவதற்காகக் கிளப் அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கிருந்த எழுத்தர் நாற்பது வயதுக்காரர். கடிதத்தை முழுவதும் படித்தார். அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பிரமாணப் பத்திரம் செல்லாது சார். யார் வேணா எழுதித் தரலாம். மட்டை ஓகே. ஆனா ஆதண்டிகேஷன் சர்ட்டிபிகேட் வேணும். ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டினது. போன ஏலத்துல டூப்ளிகேட் வந்து பெரிய பிரச்சினை ஆயிடுச்சு. செக்ரெட்டரி கண்டிப்பா சொல்லிட்டாரு."

"நான் சான்று தந்திருக்கிறேனே. முப்பத்தோரு வருஷம் கையெழுத்துச் சரிபார்த்தவன்."

"நீங்க யாரு சார்?" என்றார் அவர். குத்தலாகக் கேட்கவில்லை. படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்னைப் போடுவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. மார்கழி முடிவதற்குள் கொண்டுவந்தால் பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னார்.

ஆகவே பெரியவரையும் மட்டையையும் அழைத்துக்கொண்டு தியாகராய நகருக்குப் போனேன். பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், கையெழுத்திட்ட விளையாட்டுப் பொருள்களை வாங்கி விற்கும் வியாபாரி இருந்தார். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பனியன்கள் கையை விரித்துக்கொண்டு தொங்கின. வியாபாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கைக்கு உறை மாட்டிக்கொண்டு மட்டையை வாங்கினார். பெரியவர் அந்த உறையை வியப்போடு பார்த்தார்.

"டீம் கம்ப்ளீட்டா இருக்கா... பதினொண்ணு, ஓகே. முகப்புல போட்டது நல்லது. போடும்போது எடுத்த போட்டோ இருக்கா அங்கிள்? இல்லையா. அப்ப பாதி அடிபடுது. இதென்ன, ஆள் பேரு எழுதியிருக்கு? பேர் எழுதினா இன்னும் பாதி போச்சு. வாங்கறவனுக்கு இன்னொருத்தர் பேரு எதுக்கு?"

எது பெரியவருடைய ஆதாரமோ அதுவே விலையைக் குறைக்கும் குறையாகவும் இருந்தது. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சந்தைக்கும் ஒரு கையேடு இருக்குமே. பிறகு வியாபாரி தன் லென்ஸை எடுத்தார். என்னுடையதைவிட நல்ல லென்ஸ்.

"ஐயய்யோ. மேலயே எழுதியிருக்கீங்க."

"மங்கிடுச்சு தம்பி" என்றார் பெரியவர்.

"மங்கினா மங்கட்டும்னு விட்டிருக்கணும் தாத்தா. மங்கினதுக்கு விலை இருக்கு. இது விறகு." மட்டையை மேசையில் வைத்தார். எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு மனம் கேட்கவில்லை போலும். "விக்கறதுக்கா, இல்ல சர்ட்டிபிகேட்டுக்கா?"

காரணத்தைச் சொன்னேன். அவர் இழுப்பறையைத் திறந்து, வெள்ளியாக மின்னும் ஸ்டிக்கர்கள் ஒட்டிய தாளையும் அச்சடித்த படிவம் ஒன்றையும் எடுத்தார். "நல்ல காரியம்தானே அங்கிள். காசெல்லாம் வேணாம். பேரை மட்டும் சொல்லுங்க."

படிவத்தை வாங்கிப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். 'மேற்கண்ட பொருள் எங்கள் பிரதிநிதியின் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது என்று உறுதியளிக்கிறோம்' என்று இருந்தது.

"உங்க பிரதிநிதி யாரும் அங்கே இல்லையே."

"எதுக்குமே இல்ல அங்கிள்" என்று சிரித்தார். "இதை யாரு படிக்கறாங்க?"

படிவத்தைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். முப்பத்தோரு வருடத்தில் நான் காணாததைக் கண்டதாக ஒரு தாளில்கூட எழுதியதில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குறுகலான படிக்கட்டில் பெரியவர் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதியில் நின்றார்.

"அவரு சும்மாதான குடுத்தாரு சார். வேணாம்னுட்டீங்களே."

"அது பொய்ச் சான்றிதழ் பெரியவரே."

"மட்டை நெசம்தான சார்?"

கீழே புடவைக்கடையின் ஒலிபெருக்கி தள்ளுபடியைக் கூவிக்கொண்டிருந்தது. காதில் விழாதவன் போல நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

நேர்வழி ஒன்று இருந்தது. கையெழுத்திட்டவர்களையே கேட்பது. பதினொரு பேரில் மூவர் இறந்துவிட்டார்கள். மீதி எட்டுப் பேருக்கும் எழுதினேன். சிலருக்கு அவரவர் நாட்டு கிரிக்கெட் வாரியம் வழியாக, சிலருக்கு முகவர் வழியாக. பெரியவரின் பெயரை எழுதிக் கொடுத்தவர் ஒரு சுழற்பந்து வீச்சாளர். அவருக்கு மட்டும் மூன்று முகவரிகளுக்கு அனுப்பினேன். புகைப்படங்களில் கையெழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து இணைத்து, "இதில் உள்ளது உங்கள் கையெழுத்தா என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும்" என்று ஒரே ஒரு கேள்வி.

என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அந்தப் பெரியவரைப் பத்தி நாலு வரி எழுதுங்களேன். எப்படி இருப்பார், என்ன பண்ணினார்னு."

"ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம். சம்பந்தமில்லாததைச் சேர்த்தா எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பதிலும் வராது."

"மேல எழுதினதையாவது சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. சாட்சியிடம் விடையை எடுத்துக் கொடுப்பது முறையல்ல. இதையும் அவளுக்கு விளக்கினேன்.

பதில் வரவில்லை. மார்கழி பாதியில் ஒரு நாள் பெரியவர் மகளோடு வந்தார். அரசுத் தடய அறிவியல் கூடத்தில் விசாரித்த விவரத்தைச் சொன்னேன். மேல் மையை ஊடுருவிக் கீழே இருக்கும் மையைப் படம் பிடிக்கும் கருவி அவர்களிடம் உண்டு. ஆனால் நீதிமன்றமோ காவல்துறையோ அனுப்பினால்தான் எடுப்பார்கள். "வழக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்கள். பெரியவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அவங்க போட்டது கீழ பத்தரமா கீதா சார்?"

"இருக்கு. உங்க மைதான் அதை மறைக்குது."

"என் மை எவ்ளோ கனம் இருக்கும்?"

நான் அப்போது அடுத்த நினைவூட்டுக் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "கனமெல்லாம் கிடையாது. சும்மா மேலாக்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுவதும் தரையைச் செதுக்கியவர். மேலே போட்ட மண் கெட்டுவிட்டால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கீழே இருக்கும் பழைய தளத்தைக் கொண்டுவருவது அவருக்குத் தெரிந்த வேலை. கேள்வியை யார் கேட்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து மகள் காலையில் வந்தார். அடுப்படிக்குப் போகாமல் கூடத்திலேயே நின்றார். பின்னால் பெரியவர். இந்த முறை உறையை அவரே வைத்திருந்தார். மட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். அது கடையில் இருக்கும் புது மட்டையைவிட வெளுப்பாக இருந்தது.

"பிளேடால மெதுவா எடுத்தேன். அப்பறம் உப்புத்தாளு, ரொம்ப நைசானது. கொஞ்சம் கொஞ்சமா. என் மை போச்சு. அவங்க எழுத்து வரும் வரும்னு பாத்துக்கினே இருந்தேன். வரல சார். இன்னும் கொஞ்சம் எடுத்தா வரும்னு பாத்தேன்."

"நான் சமைக்கப் போனப்ப வாசல்ல குந்திக்கினு தேச்சிக்கினு இருந்துச்சு" என்றார் மகள். "இன்னா நைனா பண்றன்னு கேட்டேன். சார்தான் சொன்னாரு, மேலாக்கதான் கீதுன்னு சொல்லுது."

முகப்பின் மேல் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தேன். மேடு இல்லை, பள்ளம் இல்லை. பின்பக்கமும் அப்படியே. அவருடைய பெயர் இருந்த இடத்தை என்னால் அடையாளம் காட்ட முடியவில்லை.

"லெவலு நல்லா வந்துகீது இல்ல சார்?" என்றார் அவர். வேறு எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது. என் மனைவி உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை.

அன்று பிற்பகலே நான் தியாகராய நகருக்குப் போனேன். ஆம், போனேன். மேல்மாடி ஏறி, அந்தப் படிவத்தை இப்போது வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வியாபாரி தாராளமாக இழுப்பறையைத் திறந்தார். "மட்டையைக் குடுங்க அங்கிள், ஸ்டிக்கரை ஒட்டிடலாம்." உறையிலிருந்து எடுத்தேன். அவர் முன்புறம் பார்த்தார், பின்புறம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அங்கிள், நானே ஒரு கையெழுத்தாவது இருந்தாத்தான் ஒட்டுவேன்."

விழா பொங்கல் கழிந்து நடந்தது. பட்டியலில் பத்தொன்பது பேர். பெரியவர் போக மாட்டார் என்று நினைத்தேன். காலையிலேயே கிளம்பிப் போயிருக்கிறார். கேட்டுக்குப் போகவில்லை. மைதானத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டிய பேருந்து நிறுத்தத்தில், ஒலிபெருக்கி கேட்கும் தூரத்தில், மதியம் வரை உட்கார்ந்திருந்தார் என்று மகள் சொன்னார். பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்களாம். அவர்களில் ரோலர் இழுத்த கை எது, புல் வெட்டிய கை எது என்று இவருக்குத் தெரியும். நான்கு பேர் வரவில்லை. செத்துப்போய் வெகு நாளாயிற்று. மேடையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. இரண்டு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்களாம்.

"திரும்பி வந்து செருப்பக் கயட்டிட்டுப் படுத்துக்கிச்சு சார். ராத்திரி சோறு போடறப்பதான், 'தண்ணி ஜாஸ்தியா உட்டுட்டானுங்க, செவுத்துக்கு இந்தாண்ட வரைக்கும் மண்ணு வாசன அடிக்குது, பந்து எழும்பாது'ன்னு சொல்லிச்சு."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார் மகள். மட்டையை மகளிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். அது என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவராகவே சொன்னார். எட்டாவது மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாங்கிப்போய் ஆடினார்களாம். விளிம்பு பிளந்துவிட்டதாம்.

எழுதிய எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் பதில் எழுதினார், அந்தச் சுழற்பந்து வீச்சாளர். மின்னஞ்சல்தான், ஆனால் நீளமானது. செயலாளரைக் கொண்டு எழுதியதாகத் தெரியவில்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். அறுவை சிகிச்சையாம். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததாகவும், அந்தக் கையெழுத்து நிச்சயமாகத் தன்னுடையது அல்ல என்றும், தன் அணியினர் வேறு இருவரிடமும் காட்டியதில் அவர்களும் அப்படியே சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தார். யாரோ ஓர் ஏமாற்றுக்காரன் மெனக்கெட்டுச் செய்த வேலை. நீங்கள் இதற்குப் பணம் கொடுத்திருந்தால் மிகவும் வருந்துகிறேன்.

பிறகு, நான் கேட்காத ஒரு பத்தி, அவர் வார்த்தையிலேயே: சென்னையில் பயிற்சி எடுத்த அந்த மைதானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கே ஆடுகளம் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் காலையில் பனி ஈரத்தைச் சாக்குத் துணியால் ஒற்றி எடுப்பார். நாங்கள் பந்து வீசி முடித்ததும் வெறுங்காலால் ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்ப்பார். அவருக்கு நான் என் மட்டை ஒன்றைக் கொடுத்தேன். பெயர் மறந்துவிட்டது. அவரைப் பற்றி யாராவது விசாரித்தால், என்ன சான்று வேண்டுமானாலும் எழுதித் தர மகிழ்வேன். அவர் இன்னும் இருக்கிறாரா என்று உங்களால் அறிந்து சொல்ல முடியுமா?

இரண்டு முறை படித்தேன். அச்செடுத்து என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அந்தப் பெண்மணி அடுப்பைத் தணித்தார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கடிதத்தை நகலெடுத்து, துளையிட்டு, கோப்பில் கட்டினேன். வலது மேல்மூலையில், பழக்கத்தால், என் சுருக்கொப்பம் இட்டு எழுதினேன்: பெறப்பட்டது, மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை, முற்பகல்.